பின்னால் கூப்பிடாத காலை

மச்சாள், இன்று நாம் வேலை செய்த இத்தாலிய முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டுக் கூடத்தில், அந்தப் பெரிய ஓவியத்தின் சட்டத்துக்கு மெழுகு பூசினேன். அந்த மணம் ஏறியதும் கை நின்றுவிட்டது. பலெர்மோவுக்கு வந்து ஏழு வருடம் அதை இருவரும் சேர்ந்து துடைத்தோம். அண்ணனைக் கட்டி வந்த நீங்கள் இடப்பக்கம், நான் வலப்பக்கம். இப்போது ஏணியை நானே நகர்த்திக்கொள்கிறேன்.

படத்தில் கப்பல் புறப்பட்டுவிட்டது. பாறையில் ஒரு பெண் இரண்டு கையையும் நீட்டி, வாய்விட்டு அழைக்கிறாள். கப்பலில் ஒருவன் தொப்பியை உயர்த்துகிறான். ரொமான்டிக் காலத்து ஓவியர்கள் பிரிவை முகத்தைவிடக் கைகளில்தான் வரைந்தார்கள் என்று சிஞ்ஞோரா கண்கலங்க விளக்கியபோது, நீங்கள் என் காதில் சொன்னீர்கள்: "விசரி, வெளிக்கிட்டவனைப் பின்னாலை கூப்பிடுறாள். இனி அந்தக் கப்பல் போய்ச் சேந்த மாதிரித்தான்."

சிரிப்பை அடக்கக் குசினிக்கு ஓடினேன். அதன்பிறகு சிஞ்ஞோரா இல்லாத நாட்களில் நீங்கள் தூசுத்துணியை ஆட்டி அந்தப் பெண்ணாக நிற்பீர்கள், நான் ஏணியில் ஏறி அவனாவேன். ஐம்பதை நெருங்கியவர்கள் செய்கிற வேலையா அது?

நீங்கள் மன்னாருக்குப் புறப்பட்ட காலை, ஒரேத்தோ தெருவில் உங்கள் வீட்டு வாசலில் நின்றேன். அண்ணன் காரில் இருந்தார். "அம்மாவைப் பாத்திட்டு ஒரு மாசத்திலை வந்திடுவன். என்ரை வேலையை ஒருத்தருக்கும் குடுத்திடாதேங்கோ" என்றீர்கள். நடக்கத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன். செருப்பு வார் பதிந்து இரண்டு காலும் வீங்கியிருந்தன. நாலடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினீர்கள். நில்லுங்கோ மச்சாள், முதலில் டாக்டரிடம் போவோம் என்று நாக்கு நுனிவரை வந்தது. புறப்பட்டவரைப் பின்னால் கூப்பிடக் கூடாதே என்று விழுங்கிவிட்டேன். கையை மட்டும் ஆட்டினேன்.

ஒன்பதாம் நாள் செய்தி வந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். மாதா கோயிலில் உங்களுக்கான பூசை முடிந்து எல்லோரும் கடவுளின் சித்தம் என்றபோது எனக்கு ஆத்திரம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கல்லவா தெரியும். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லத் துணிவில்லை.

போன கிழமை என் மகள் வேலைக்காக மிலானுக்குப் புறப்பட்டாள். பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குள் போனவளைப் பின்னாலிருந்து உரக்கக் கூப்பிட்டேன். திடுக்கிட்டு ஓடிவந்தாள்.

"என்னம்மா, பின்னாலை கூப்பிடக் கூடாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்?"

"ஓம், சொன்னனான். கொஞ்சம் நில்லு பிள்ளை, உன்ரை காலை ஒருக்கால் பாப்பம்" என்று அவ்வளவு சனத்துக்கு நடுவே குனிந்தேன்.