வேன் சாரதி நோபர்ட் எங்கள் அப்பாதான்

அனுப்புநர்:
நோ. றொபின்சன்,
பாதுகாப்புக் கமரா பொருத்துநர் (என்.வி.கியூ. நான்காம் தரம்),
தேவாலய வீதி, வஹகோட்டை.

பெறுநர்:
பணிப்பாளர்,
மீதும்கல மலைப் பூங்கா நிர்வாக அலுவலகம்,
மாத்தளை மாவட்டம்.

ஊடாக: எவருமில்லை. கிராம உத்தியோகத்தர் ஊடாக அனுப்பினால் மூன்று கிழமை கூடப் போகும் என்று அவரே சொன்னார்.

விடயம்: 2025.02.22 அன்று எங்கள் குடும்பத்துக்கும் வேனுக்கும் விதிக்கப்பட்ட ஓராண்டுத் தடையை ஏப்ரல் மழைக்கு முன் நீக்கித் தருமாறு கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

சுற்றிவளைத்து எழுத எனக்கு வராது. கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். என் அப்பா அழகமுத்து நோபர்ட் உங்கள் பூங்காவின் மேல்தளத்தில் நின்று ஒரு தடவை மலையைப் பார்க்க வேண்டும். அவருடைய கண் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் தடை முடிகிற நாளில் அவருக்குப் பார்வை மிஞ்சியிருக்கும் என்று எந்த வைத்தியரும் எங்களிடம் சொல்லவில்லை.

1. அப்பா இருபது வருடத்துக்கு மேலாக வேன் ஹயர் ஓடியவர். உங்கள் பூங்கா திறந்த நாளிலிருந்து எத்தனையோ குடும்பங்களைக் கீழ்வாயிலில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். ஒருநாளும் மேலே போனதில்லை. சாரதிகளுக்கு நீங்கள் இலவசமாகக் கொடுக்கும் மஞ்சள் அட்டை கீழே உள்ள ஓய்விடம் வரைக்கும்தான் செல்லும் என்பது தங்களுக்குத் தெரியும். காசு கொடுத்துப் போகலாமே என்று அம்மா கேட்டால், ஆட்களின் சாமான் வேனுக்குள் இருக்கும்போது விட்டுவிட்டுப் போக முடியுமா என்பார். இறங்கி வருகிறவர்கள் தங்கள் போனில் படம் காட்டுவார்கள். அந்த மலையை அவர் பார்த்ததெல்லாம் மற்றவர்களின் போனில்தான்.

2. அவருக்கு இருப்பது குளுக்கோமா. பக்கப் பார்வை முழுதாகப் போய்விட்டது. நேர் எதிரே ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரிகிறது, அதுவும் நல்ல வெளிச்சத்தில். என் தொழிலில் சொல்வதென்றால் அகல லென்ஸைக் கழற்றிவிட்டுக் குழாய் ஒன்றைப் பூட்டியது மாதிரி. மருந்து விடுகிறோம். போனது திரும்பாது, இருப்பதும் எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்று கிளினிக்கில் சொன்னார்கள். நத்தார்ப் பண்டிகையோடு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அப்பா இதை வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. ஹயருக்குக் கூப்பிடுகிறவர்களிடமும் மற்றச் சாரதிகளிடமும், வேனில் கியர்பொக்ஸ் பழுது, சாமான் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறார்.

3. தவக்காலம் தொடங்கினால் அம்மா உல்லாசப் பயணம் எதற்கும் வரமாட்டார். அதனால் அதற்கு முன்னுள்ள ஒரு சனிக்கிழமையை நானும் தங்கை ரொஷானியும் குறித்தோம். செலவைக் குறைக்க எங்களால் முடிந்ததையெல்லாம் செய்தோம். சொந்த வேன். விடியவே அம்மா அவித்த இடியப்பம், சம்பல், பருப்பு, ஒரு பெரிய பிளாஸ்க் தேத்தண்ணி. பெற்றோரும் பிள்ளைகளுமாக நான்கு பேருக்கு நீங்கள் கொடுக்கும் சலுகைக் குடும்பச் சீட்டு. அந்தச் சலுகை எங்களைப் போன்றவர்களுக்காகத்தானே ஐயா இருக்கிறது? வேனை ஓட்டியது நான். அப்பா பக்கத்து சீட்டில் இருந்தார்.

4. கீழ்வாயிலில் நான் வேனைத் தரிப்பிடத்தில் விட்டுவிட்டுச் சீட்டு எடுக்கப் போனேன். அதற்குள் அங்கே கடமையில் இருந்த வாயிற்காவலர் பலீல் நானா அப்பாவைக் கண்டுவிட்டார். இருவரும் நெடுநாள் பழக்கம். எங்கே ஆளையே காணவில்லை, கியர்பொக்ஸ் சரியா என்று கேட்டிருக்கிறார். சரி என்றிருக்கிறார் அப்பா. பலீல் நானா வேறொன்றும் கேட்காமல், வழக்கம்போல மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார். அப்பாவும் வழக்கம்போல வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நான் திரும்பி வந்து, அதைக் கழற்றுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் சீட்டு எடுத்திருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கேட்காத மாதிரி நடந்தார். பலீல் நானா மீது எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. அவர் செய்தது அன்பு.

5. மேல்வாயிலில் இருந்த பொறுப்பாளர் அட்டையைப் பார்த்து நிறுத்தினார். வாடகைச் சாரதியைக் குடும்பத்தில் ஒருவராகக் காட்டிச் சலுகை எடுத்திருக்கிறோம் என்றார். இப்படி நாளுக்கு நாலு பேர் வருகிறார்கள் என்றும் சொன்னார். அவர் தன் குறிப்பில் எழுதிய காரணங்களுக்கு என் பதில்:

(அ) அடையாள அட்டைகளில் பெயர் பொருந்தவில்லை என்கிறார். அப்பா அழகமுத்து நோபர்ட். நான் நோபர்ட் றொபின்சன். தங்கை நோபர்ட் ரொஷானி. அம்மா சூசை மார்ஜரி. எங்களுக்குப் பரம்பரைப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர்தான் பிள்ளைக்கு முன்னால் வரும். இந்த நாட்டில் தமிழர்கள் இப்படித்தான் பெயர் வைக்கிறார்கள் என்பது வாயிலில் நிற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் பிரதிகள் இணைக்கப்பட்டுள்ளன.

(ஆ) சாரதி பயணிகளின் பையைச் சுமந்து வந்தார், ஆகவே கூலிக்கு வந்தவர் என்கிறார். ஐயா, அது இரண்டு பிடி உள்ள சாப்பாட்டுப் பை. ஒரு பிடி அப்பாவின் கையில், மற்றது அம்மாவின் கையில். பார்க்கிறவர்களுக்குப் பாரத்தைப் பங்குபோடுவது மாதிரி இருக்கும். உண்மையில் அம்மா அந்தப் பையை வைத்துத்தான் அவரைப் படியேற்றுகிறார். படி வந்தால் பை கொஞ்சம் மேலே போகும், திருப்பம் வந்தால் பக்கமாக இழுபடும். கோவிலுக்குப் போவதும் இப்போது இப்படித்தான்.

(இ) அப்பாவே தன்னைச் சாரதி என்று ஒப்புக்கொண்டார் என்கிறார். நடந்ததைத்தான் சொல்ல முடியும். வாய்த்தர்க்கம் கேட்டு பலீல் நானாவும் கீழே இருந்த சில சாரதிகளும் மேலே வந்துவிட்டார்கள். எல்லாரும் அப்பாவைத் தெரிந்தவர்கள். இவர் எங்கள் அப்பா, வேனை ஓட்டி வந்தது நான் என்று நான் சொன்னேன். பொறுப்பாளர் என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் நேரே கேட்டார். அப்பா அந்தச் சாரதிகள் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பி, "நான்தாங்க ட்ரைவர். நான்தான் ஓட்டிட்டு வந்தேன்" என்றார். நான் வாயெடுத்தேன். அம்மா என் கையைக் கிள்ளினார். சீட்டைப் பறித்தார்கள், எங்கள் பெயர்களையும் வேன் இலக்கத்தையும் எழுதினார்கள், ஒரு வருடத்துக்கு வரக்கூடாது என்றார்கள்.

அங்கிருந்து மேல்தளத்துக்கு இன்னும் ஒரே ஒரு வளைவுதான் இருந்தது. அன்று மேலே பனிப்புகார் இல்லாமல் இருந்தது. இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் வேனை ஓரங்கட்டிச் சாப்பிட்டோம். ரொஷானிதான் இடியப்பத் தட்டை நீட்டி, ட்ரைவர் ஐயாவுக்கு இன்னும் ரெண்டு வைக்கவா என்று கேட்டாள். அப்பா மட்டும்தான் சிரித்தார். பிறகு அலுவிகாரை வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

6. அப்பா பொய் சொன்னார் என்று மகனே எழுதுவது எனக்கு நல்லாயில்லை. ஆனாலும் ஆதாரம் தங்களிடமே இருக்கிறது. கீழ்வாயிலில் உள்ள கமரா உள்ளே வரும் வாகனங்களின் முன்கண்ணாடியை நேரே பார்க்கிறது. வெயிலுக்கு எதிரே பூட்டியிருக்கிறார்கள், அது பிழை. ஆனால் அன்று காலை கீழே மப்பாக இருந்தபடியால் உள்ளே இருப்பவர்களின் முகம் தெளிவாகத் தெரியும். ஸ்டியரிங்கில் நான் இருப்பதைத் தாங்களே பார்க்கலாம். பதிவுப் பெட்டி நிறைந்தால் பழையதன்மேல் புதியது ஏறும். அங்கே உள்ள வகைக்கு ஒரு மாதம் தாங்கினால் பெரிய விஷயம். அதாவது இன்னும் இரண்டு கிழமைக்குள் அந்தக் காட்சி அழிந்துவிடும். தயவுசெய்து இன்றே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எடுக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் நான் வந்து காசில்லாமல் எடுத்துத் தருகிறேன். தடை போட்டவனை உள்ளே விட முடியாது என்றால், வாயிலுக்கு வெளியே நின்றே சொல்லிக் கொடுக்கிறேன்.

7. தங்கள் அலுவலகத்துக்கு மூன்று தடவை தொலைபேசி எடுத்தேன். விசாரணைக் குழு ஜூன் மாதம்தான் கூடும், அப்போதும் சம்பந்தப்பட்ட சாரதி நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது தடவை பேசிய உத்தியோகத்தரிடம் நான் சத்தம் போட்டது உண்மை. சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்கவில்லை.

அந்த விசாரணை நடக்கும் அறை கீழ்வாயிலில் இருக்கிறது. வெளியே உள்ள வாங்குப் பலகையில் சாரதிகள் காத்திருப்பார்கள். உள்ளே பேசுவது வெளியே கேட்கும். போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் இரண்டு நாள் சண்டை பிடித்தேன். முடிவில் அவர் கேட்டார்: "போய் என்னத்தச் சொல்லச் சொல்ற? எனக்குக் கண்ணு தெரியலன்னா? அவங்க முன்னுக்கா?" அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவர் வரமாட்டார். ஜூன் மாதம் வரமாட்டார், எந்த மாதமும் வரமாட்டார். ஆகவே அவர் வந்துதான் ஆகவேண்டும் என்றால், ஐயா, அது எங்களுக்கு ஆயுள் தடை.

8. ஏப்ரலில் மழை தொடங்கினால் மேலே நாள் முழுக்கப் புகார். அது தெளிகிற காலத்தில் அவருடைய அந்தச் சின்ன வட்டம் என்ன அளவில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடந்த மாதம் கோவிலில் எனக்கு முன்னால் இருந்தவரை அடையாளம் சொன்னார். போன ஞாயிறு சொல்லவில்லை. தவக்காலத்திலேயே போவோம் என்று அம்மா தானாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. அம்மா அப்படிச் சொன்ன அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஆகவே தங்களிடம் கேட்பது: கமராப் பதிவையும் இணைத்துள்ள சான்றிதழ்களையும் தாங்களே பார்த்து, அப்பாவை விசாரணைக்கு அழைக்காமல் தடையை நீக்க வேண்டும். மார்ச் மாதத்துக்குள், நல்ல வெளிச்சமுள்ள ஒரு காலையில், எங்கள் நால்வரையும் மேலே விட வேண்டும். குடும்பச் சலுகை வேண்டாம் என்றால் முழுச் சீட்டே எடுக்கிறேன். கண் அறிக்கையின் பிரதியை மூடிய உறையில் வைத்திருக்கிறேன். அதைத் தாங்கள் மட்டும் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பித் தர வேண்டும். அது கீழ்வாயிலுக்குப் போகக் கூடாது. இந்த மனுவும் போகக் கூடாது. நான் எழுதியது அப்பாவுக்குத் தெரியாது.

இன்னொன்று. நாங்கள் மறுபடி வரும் நாளிலும் பலீல் நானா அவரைக் கண்டால் மஞ்சள் அட்டையைத்தான் கொடுப்பார். அப்பாவும் வாங்கி மாட்டிக்கொள்வார். கழற்றச் சொல்ல இனி என்னால் முடியாது. மேல்வாயிலில் இருப்பவரிடம், ஒன்றும் கேட்காமல் அந்த அட்டையோடேயே அவரை விடச் சொல்லுங்கள். சாரதியாகவே மேலே போகட்டும்.

பதிலை வீட்டு முகவரிக்கு எழுதாமல் மூடிய உறையின் மேல் எழுதியுள்ள என் கைத்தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் கடிதங்களை அம்மா அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். முடியாது என்பதுதான் பதில் என்றால், அதையும் இந்தக் கிழமையே சொல்லிவிடுங்கள் ஐயா. இருக்கிற வெளிச்சத்துக்குள் வேறு ஏதாவது ஒரு மலைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறேன்.

திகதி: 2025.03.11
இடம்: வஹகோட்டை

தங்கள் பதிலுக்காகத் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருக்கும்,
(ஒப்பம்)
நோபர்ட் றொபின்சன்
அ. நோபர்ட்டின் மகன், அன்று வேனை ஓட்டி வந்தவன்

இணைப்பு: பிறப்புச் சான்றிதழ் பிரதிகள் இரண்டு, பெற்றோரின் விவாகச் சான்றிதழ் பிரதி, மூடிய உறை ஒன்று