பாடை என்று நான் பேர் வைத்த தூளி

மச்சான்,

இன்று காலை சங்கத்துத் தூளிக்குப் புதுச் சாக்கு தைத்தோம். புதுச் சாக்கின் வாசனை உனக்குத் தெரியும், தூசி மூக்கில் ஏறித் தும்மல் வரும். மேட்டு லயத்துச் செல்லாயி கோணி ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். நான் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதையாவது பிடித்துக்கொண்டு சும்மா நிற்பதில் நான் கெட்டிக்காரன் என்பது உனக்குத் தெரியாததா? நீ மண்ணுக்குள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நீ இருக்கும்போது சொல்லாமல் விட்டதை அந்த வாசனை கிளப்பிவிட்டது.

ராகலைக்கு மேலே நம் தேயிலைத் தோட்டத்தில் லொறிப் பாதை கொழுந்து ஸ்டோரோடு முடிந்துவிடும். அதற்கு மேலே லயத்து வீடுகளில் யாருக்காவது முடியாமல் போனால் கம்பளியில் சுருட்டி, கிடைத்த ஆளைப் பிடித்து லொறி நிற்கும் இடம் வரை தூக்க வேண்டும். தோட்டத்துத் துரையின் வேலையில் அது இல்லை. சம்பளத்துக்குப் பேசும் யூனியன் தலைவரின் வேலையிலும் இல்லை. யார் வேலையிலும் சேராத அந்த வேலைக்கு நீ எட்டுப் பேரைச் சேர்த்துச் சங்கம் என்றாய். இரண்டு டர்பன்டைன் மரக்கம்பு, நடுவில் ஒரு சாக்கு. அதற்குத் தூளி என்று பேர். எந்த வாரம் யார் முறையோ, அவன் வாசலில் கம்பு சாய்ந்திருக்கும். அந்தக் கதவைத் தட்டினால் போதும். வேலைக்காட்டில் ஆள் எண்ணும் பெரட்டு மாதிரியே ஞாயிறு காலை எங்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவாய். “கூலி இல்லாத வேலைக்கும் பெரட்டு வேணும் மச்சான். இல்லாட்டி நாளைக்கு வரேம்பான்” என்பாய்.

எனக்குப் பொறுக்கவில்லை. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன், என்னைத்தான் செயலாளர் ஆக்குவாய் என்று நினைத்திருந்தேன். நீ என்னை இடது பின்கம்புக்குப் போட்டாய். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் தேத்தண்ணி குடிக்கும்போது, “தூளியாம் தூளி. பாடைன்னு சொல்லு. உசுரோட இருக்கறவனுக்கு எட்டுப் பேரு ஒத்திகை பாக்குறாங்க” என்றேன். கூட இருந்த இரண்டு பேரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்காரியிடமும் சொல்லிச் சிரித்தேன். நான் சொன்ன எதையும் யாரும் மறுநாள் வரை ஞாபகம் வைத்ததில்லை. இதை மட்டும் மூன்று லயமும் எடுத்து வைத்துக்கொண்டது. பேர் உன் காதுக்கும் வந்தது. யாருடா வைத்தது என்று என்னிடமே கேட்டாய். தெரியலையே மச்சான் என்றேன்.

அந்த மழையில் செல்லாயிக்கு மாதம் நிறையும் முன்பே வலி கண்டது. நாம் நாலு பேர் தூளியோடு வாசலில் நின்றோம். பாடையில் ஏறமாட்டேன் என்று அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நீ எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாய். இரண்டு பெண்களின் தோளைப் பிடித்து அவள் நடந்தே இறங்கினாள். நாம் வெறும் தூளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனோம். பாலத்துக்கிட்டே பிள்ளை பிறந்தது. அது அழவில்லை.

தூக்கிப் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று யாருக்குத் தெரியும் என டாக்டரையா சொன்னாராம். இத்தனை வருஷம் அந்தச் சொல்லுக்குக் கீழேதான் மழைக்கு ஒதுங்குகிறவன் மாதிரி நின்றிருக்கிறேன். லயத்தில் பழி சங்கத்தின் மேல் விழுந்தது. நாலு ஆம்பளை இருந்தும் தூக்கத் துப்பில்லை என்றார்கள். நீ தலை குனிந்து கேட்டுக்கொண்டாய். நான் உன் பக்கத்தில் நின்று, உன்னைவிட அதிகமாகக் குனிந்தேன். பார்த்தவர்கள் என்னை ரொம்ப நல்லவன் என்று நினைத்திருப்பார்கள். நம் சங்கத்துக்குத் தோளைத் தவிர வேறு சொத்து இல்லை. அந்தத் தோளை நம்பி ஒருத்தர் படுக்க வேண்டும். அந்த நம்பிக்கையைத்தான் நான் ஒரு தேத்தண்ணி நேரத்துச் சிரிப்புக்கு வெட்டிப் போட்டேன்.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரிக்கு வலி. ஒரு நாள் முழுக்கப் பார்த்தும் பிள்ளை இறங்கவில்லை. காலையில் நீ தூளியோடு வந்தாய். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நான் ஏறமாட்டேண்ணே. பாடைன்னு பேரு வச்சதே இவருதான்.”

நீ என்னைப் பார்த்தாய். ஒரு தீக்குச்சி எரிந்து அணைகிற நேரம், அவ்வளவுதான். பிறகு வாசலில் தூளியை விரித்து நீயே மல்லாந்து படுத்தாய். தூக்கச் சொன்னாய். லயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். நீ நல்ல கனம், மச்சான். இறங்கி நின்று, “நான் எந்திரிச்சுட்டேன் பாரு தங்கச்சி. நீயும் எந்திரிப்பே” என்றாய். வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏறினாள். மகள் பிறந்தாள். இப்போது என் கையெழுத்தைப் பார்த்துத் திருத்தம் சொல்கிற வயது அவளுக்கு.

அதைப் பற்றி நீ பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது வேடிக்கை சொல்லி நழுவியிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கும்.

சாக்கு மாற்றும்போதெல்லாம் ஒருத்தர் படுத்து எழுந்திருப்பது அதிலிருந்து வழக்கமாயிற்று. நீ போன பிறகு படுப்பவன் நான்தான். கண்ணை மூடி நாக்கை நீட்டுவேன், கூட்டம் சிரிக்கும். நீ செய்ததை நான் கூத்தாக்கி வைத்திருக்கிறேன்.

இன்று தைத்துக்கொண்டே செல்லாயி கேட்டாள், இந்த வழக்கம் எதனால் வந்தது என்று. எப்போதும்போல ஒரு வேடிக்கை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

“பாடைங்கற பேரு போகணும்னுதான். அந்தப் பேர வச்சவன் நான்தான் செல்லாயி.”

ஊசி நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை. பிறகு ஊசி மறுபடியும் சாக்கில் இறங்கியது. மூலை வரைக்கும் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

“படுங்க. தையல் தாங்குதான்னு பாக்கணும்” என்றாள்.

படுத்தேன். நாக்கை நீட்டவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை. மூன்று பேர் வந்து குனிந்தார்கள். இடது பின்கம்பு என்னுடையது, அதற்கு ஆள் இல்லை. செல்லாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதைத் தோளில் வைத்தாள். லயத்தைச் சுற்றி வருகிற வரைக்கும் அவள் மூச்சு என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. இறக்கினார்கள். எழுந்தேன்.

இந்த வாரம் என் முறை, மச்சான். கம்பு என் வாசலில்தான் சாய்ந்திருக்கிறது.