பிரஷர் மிஷினும் மூன்று துண்டு கருவாடும்

ஐப்பசி 12, புதன்.

ஆஸ்பத்திரியில் இடது கையில் பிரஷர் மிஷினைக் கட்டி அனுப்பிவிட்டார்கள். நாளைக் காலை வரை கழற்றக் கூடாதாம். அரைமணிக்கு ஒரு தரம் கையை இறுக்குகிறது.

"தூங்கறப்பவும் பிரஷர் இறங்கலைன்னா இதயம் தடிச்சுக்கிட்டே போகும்மா. அப்படின்னா ராத்திரிக்கும் மாத்திரை போடணும். உப்பைத் தொடாதீங்க" என்றாள் டாக்டரம்மா.

மத்தியானமே போலகத்தில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார் கருவாட்டுக் குழம்போடு வந்து நின்றாள்.

"எனக்கு உப்பு ஆகாதுடி."

"நல்லா அலசித்தான் போட்டேன் அண்ணி. ஒரு வாய் தின்னா உயிரா போயிடும்?"

என் மகன் காதுகுத்தில், குழம்பில் உப்பில்லை என்று பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்தவள் இவள். அன்று கட்டியிருந்த பச்சைச் சேலைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்று நான் மிச்சம் வைத்தால் நானும் அவளும் ஒன்றாகிவிடுவோமே! மூன்று துண்டையும் தின்று தட்டை வழித்தேன்.

"இப்ப உப்பு சரியா இருக்கா அண்ணி?" என்று கேட்டுச் சிரித்தாள். அவளும் மறக்கவில்லை.

அந்தச் சிரிப்பில் ராத்திரித் தூக்கம் போயிற்று. தூங்கினால்தானே பிரஷர் இறங்கும்?

தின்றதையெல்லாம் எழுதிவர டாக்டரம்மா ஒரு தாள் கொடுத்திருக்கிறாள். அதில் கருவாடு என்று எழுதவில்லை. நாத்தனார் வந்தாள் என்று எழுதிவைத்தேன்.