உயிலில் எழுதிய விடுதலை

பிரிட்ஜ்டவுன், 1809 மார்ச் 6

ஆஷ்கோம் துரை நேற்றுச் செத்துப்போனார். என் கடையில் நான்கு வருஷம் மாவும் உப்புமீனும் கடனாக எடுத்த கரும்புத் தோட்டக்காரர். பாக்கியைத் தள்ளிவிட்டு, பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டேன்: அவரிடம் அடிமையாக இருக்கும் என் தங்கை டோரின்டாவுக்கு உயிலில் விடுதலை. எழுதினார். என் கண்முன்னே கையெழுத்துப் போட்டார்.

அன்றே அவளை விலைக்கு வாங்கி விடுவித்திருக்கலாம். ஆனால் விடுவிக்கச் சர்க்காருக்கு முந்நூறு பவுன் கட்ட வேண்டும். உயிலில் என்றால் அது தோட்டத்தின் தலையில். சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 15

வக்கீல் சிரித்தார். "உயிலைத் தூக்கி அடுப்புல போடு, ஹேகர். துரைக்குக் கடன் குடுத்த லண்டன்காரனுக்கு மட்டும் பன்னிரண்டாயிரம் பாக்கி. கடன் தீர்ந்து மிஞ்சினாத்தான் தானம்."

"எனக்கும்தானே பாக்கி?"

"நீதான் எல்லாம் தீர்ந்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டியே!"

உண்மை. கணக்கில் கெட்டிக்காரி என்று ஊரே சொல்லும் — மீன் விற்ற காசில் என்னையே விலைக்கு வாங்கிக்கொண்டவள். சொந்தத் தங்கை விஷயத்தில் இப்படியா?

மார்ச் 22

தோட்டத்துச் சொத்தைப் பட்டியல் எடுத்தார்கள். துரையின் விதவை வெள்ளிக் கரண்டிகளைப் பாவாடைக்குள் செருகினாள். எல்லோரும் பார்த்தோம்; பட்டியலில் அவை ஏறவில்லை. சர்க்கரைக் கொப்பரைகள், கோவேறு கழுதைகள், அப்புறம் ஆட்கள். டோரின்டா, துணி துவைப்பவள், எண்பது பவுன்.

"அந்தப் பழுப்புக் கழுதைக்கு எவ்வளவு, அக்கா?" டோரின்டா கேட்டாள்.

"தொண்ணூறு."

"பாரேன்! அது ஒரு நாளாவது துவைச்சிருக்கா?"

அவள்தான் சிரித்தாள்.

ஏப்ரல் 3

நாளை ஏலம். கடையில் எழுபது பவுன் இருக்கிறது. வேறு யாரும் கேட்காமல் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 4

கேட்டான். கடல் தாண்டி டெமராரா தோட்டங்களுக்கு ஆள் வாங்கி அனுப்பும் தரகன். கப்பலேறினால் அவளை இனிப் பார்க்க முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு விலையை ஏற்றினேன். நூற்று முப்பதில் நின்றான்.

விடுவிக்கக் கட்ட வேண்டிய முந்நூறுக்கு எங்கே போவேன்? அதனால் விற்பனைச் சீட்டில் அவள் என் அடிமை. வண்டியில் வரும்போது, "இனிமே அக்கான்னு கூப்பிடவா, எஜமானின்னா?" என்றாள்.

விலை நூற்று நாற்பது பவுன். பாதி இன்று ரொக்கமாக. மீதி கிறிஸ்துமஸுக்குள். அதுவரை ஈடு: டோரின்டா.