முழங்காலுக்குச் சொன்ன வயது

என் அன்பு ராஜி மச்சாளுக்கு,

எனக்கென்று நீங்கள் சொல்லிவிட்டுப் போன பனிச்சறுக்குப் பலகைகள் ஒன்றரை வருடமாக லண்டனில் எங்கள் கிங்ஸ்பரி வீட்டுப் படிக்குக் கீழே, அரிசிப் பைகளுக்குப் பின்னால் நின்றன. போன சனிக்கிழமை வெளியே எடுத்தேன். அவற்றைப் பார்த்து உங்கள் தம்பி மூக்கை உறிஞ்சினார்.

லண்டன் எட்மண்டனில் பஸ் ஓட்டிய பெண் நீங்கள். நாற்பத்தைந்து வயதில் வேலையிடத்துச் சிநேகிதிகளோடு அல்ப்ஸுக்குப் போய் விழுந்தெழும்பி, அடுத்த வருடமே பலகையின் அடியில் பின்னால் வழுக்காமல் பிடிக்கும் பட்டை ஒட்டி மலையில் நடந்தே ஏறத் தொடங்கினீர்கள். "மேல கொண்டுபோக லிப்ட் இருக்கேக்க ஏன் மச்சாள் நடக்கிறியள்?" என்று கேட்டவள் நான்தான். "லிப்ட் போற இடத்துக்கு எல்லாரும் போவினம்" என்றீர்கள். என்ன திமிர்! அந்தத் திமிருக்காகத்தான் நானும் சறுக்கப் பழகினேன்.

என்னையும் ஒருநாள் அப்படி ஏற்றிவிடுவதாகச் சொன்னீர்கள். நோய் முந்திக்கொண்டது. இந்தக் கிறிஸ்மஸ் லீவில் ஒரு வழிகாட்டியோடு நான் ஏறப்போகிறேன், உங்கள் பலகைகளில்.

பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் பைண்டிங் தேய்ந்துவிட்டது. பனிச்சறுக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன், கடைப்பெண் மூன்று வகைகளை மேசையில் வைத்தாள். ஒன்று ஏறுவதற்கென்றே செய்தது, கையில் எடுத்தால் பாரமே இல்லை. இன்னொன்று லிப்டில் போய் இறங்குகிறவர்களுக்கு, குதிகால் அசையாது. மூன்றாவது இரண்டும் கலந்தது. ஏறும்போது பூட்ஸின் முனையை மட்டும் ஊசிகள் பிடிக்கும், இறங்கும்போது முன்பக்கத்தை மாற்றினால் முழுக்காலையும் இறுக்கிப் பிடிக்கும். பாரம் கொஞ்சம் கூட.

நீங்கள் பாவித்தது முதல் வகை. ஆசை அதில்தான் போனது. ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? "எத்தினை நாள் ஏறப்போறாய்? நெஞ்சில கைவைச்சுச் சொல்லு." ஆறு நாளில் ஒரு நாள்தான், மச்சாள். மூன்றாவதையே எடுத்தேன்.

பிறகு படிவம் வந்தது. உயரம், நிறை, வயது. விழும்போது பைண்டிங் எந்த இழுவையில் காலை விடவேண்டும் என்பதை அதை வைத்துத்தான் கணிப்பார்கள். கை தன்பாட்டில் நாற்பத்தேழு என்று எழுதியது. என்னை லண்டனுக்குக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் அன்றைக்குப் பாஸ்போர்ட்டில் நான்கு வயதைக் குறைத்துப் போட்ட கணக்கு. பிள்ளைகளுக்குக்கூட அதுதான் என் வயது. உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம், பிரஜாவுரிமை கிடைத்த பிறகும் விடவில்லை.

உங்களுக்கும் அதே கதைதானே. ஒருமுறை இதே கடையில் எழுதிய வயதை நீங்கள் வெட்டித் திருத்த, நான் பதறிக் கையைப் பிடித்தேன். "பாஸ்போர்ட்டில என்னவும் கிடக்கட்டும். முழங்காலுக்குப் பொய் சொல்ல ஏலாதடி" என்று சிரித்தீர்கள். கடையே திரும்பிப் பார்த்தது.

நானும் வெட்டினேன். ஐம்பத்தொன்று. ஐம்பது தாண்டினால் இளக்கமாக வைக்கவேண்டும், நல்லவேளை சொன்னீர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு கடைப்பெண் பைண்டிங்கின் இழுவை எண்ணைக் குறைத்தாள். அவ்வளவுதான். முப்பது வருடம் எதற்குப் பயந்தேன், மச்சாள்?

பிள்ளைகளிடமும் சொன்னேன். "அப்ப உங்கட ஐம்பதாவது பேர்த்டேயை மிஸ் பண்ணிட்டமே அம்மா!" என்று மகள் சண்டைக்கு வந்தாள்.

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. உங்கள் மரண அறிவித்தலிலும் நாங்கள் பாஸ்போர்ட் வயதையே போட்டோம். ஐம்பத்திரண்டு என்று. முழங்காலுக்கே பொய் சொல்லாத மனுசிக்கு! நீங்கள் வாழ்ந்தது ஐம்பத்தாறு வருடங்கள். நான்கு வருடங்களை நாங்களே உங்களிடமிருந்து எடுத்துவிட்டோம். நீங்கள் மலை ஏறிய வருடங்களில் நான்கு அல்லவா அவை?

மன்னியுங்கள். இரண்டாம் ஆண்டு நினைவு அட்டையில் உங்கள் சரியான பிறந்த நாள் இருக்கும். அதற்கு முன்பு, லிப்ட் போகாத அந்த இடத்தில் நின்று உங்கள் வயதை உரத்துச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

உங்கள் தம்பியின் மனைவி,
ஐம்பத்தொரு வயது மச்சாள்,
சாந்தி