கூரையில் ஆடிய வெளிச்சம்

இன்று காலை ஒன்றரை வருடத்துக்குப் பிறகு கேமரா பையைத் திறந்தேன். பாசி வாசனை குப்பென்று அடித்தது. சந்தாபுரா ஏரியில் நீ முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பையைச் சேற்றில் நழுவவிட்டாயே, அன்று ஏறிய வாசனை. உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

ஹெப்பகோடியில் ஒரே அறை, ஒரே அலுவலகம், இருவருக்கும் ஞாயிறு விடிந்தால் ஏரி. நான் ஒரு மணி நேரத்தில் இருநூறு படம் எடுப்பேன். நீ ஒன்றுதான். அதற்காகக் குத்துக்காலிட்டு அசையாமல் இருப்பாய். தவம் கலைந்ததா என்று கிண்டல் செய்வேன். "நீ எடுக்குற, நான் பாக்குறேன். அவ்ளோதான்டா" என்பாய்.

அலுவலக பேஸ்மென்ட்டில் மழைநீர் புகுந்த அன்று எல்லோரும் கத்திக்கொண்டு வண்டிகளை வெளியே தள்ளினார்கள். உன் வண்டி பாதி முழுகியிருந்தது. நீயோ வண்டி இறங்கும் சரிவின் வழியே வந்த வெயில் தண்ணீரில் பட்டுக் கூரையெங்கும் நெளிவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "பைக் எங்கயும் போவாதுடா. இது போயிடும்!"

பிறகு உன் நுரையீரலில் கட்டி என்றார்கள். மருத்துவமனையில் ஒருநாள், "தண்ணிய பாத்து ரெண்டு மாசம் ஆச்சு மச்சான்" என்றாய். மறுநாளே ஒரு தாம்பாளம் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். எட்டு மணிக்கு எதிர்க் கட்டடங்களின் இடுக்கில் கால் மணி நேரம்தான் வெயில் வரும். முதல் நாள் மேகம். இரண்டாம் நாளும் மேகம். இடத்தைவிட்டு நகராமல் காத்திருந்தேன், நான்!

மூன்றாம் நாள் வெயில் வந்தது. விரலால் தாம்பாளத்தைத் தட்டினேன். கூரை முழுக்க வெளிச்சம் அலையடித்தது. உள்ளே வந்த நர்ஸ் அதட்டினார்: "ஏன் சார் இது? தண்ணி கொட்டினா யார் தொடைக்கிறது?" நீ மேலே கைகாட்டினாய். அவர் அண்ணாந்தார். "அய்யோ... எஷ்டு சென்னாகிதே!" எவ்வளவு அழகு என்று கன்னடத்தில் வியந்தவர் மருந்துத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"எடுடா, எடு!" என்று நீ எழப் பார்த்தாய். கேமராவை எடுத்து அவசரமாக அழுத்தினேன். படம் கலங்கிப்போனது. வாங்கிப் பார்த்துச் சிரித்தாய். "தப்பில்ல. தண்ணி அப்படித்தான இருக்கும்."

அடுத்த வாரம் நீ இல்லை. அதன் பிறகு கேமராவைத் தொட மனம் வரவில்லை.

இப்போது செய்தி. இன்று ஏரிக்குப் போனேன். நாம் உட்காரும் கரையில் ஒரு மணி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். காற்று நின்றது. மேகத்துக்குக் கீழே வெயில் நுழைந்தது. சரியாக அந்த நேரத்தில் ஒரு நீர்க்காகம் தலை தூக்க, அதைச் சுற்றிப் பொன் வளையம் ஒன்று விரிந்து விரிந்து என் காலடிவரை வந்ததடா! ஒரே ஒரு தடவை அழுத்தினேன். கிடைத்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கண் விழிக்கும்போதே இன்றைக்கு வெளிச்சம் எங்கே விழும் என்றொரு பரபரப்பு உனக்கு இருக்குமே, அது எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. நாளைக்கு மழை என்கிறார்கள். இரண்டு பேட்டரியையும் சார்ஜில் போட்டிருக்கிறேன்.