கல்வராயன் மலையில் உனக்காகத் துக்கம் கேட்டார்கள்

என் அன்புக்கும் மதிப்புக்கும் என்றென்றும் உரிய சகாயமேரிக்கு,

நலம் கேட்டுத் தொடங்குவதே மடலின் மரபு. உன்னிடம் அதை எங்ஙனம் கேட்பது என்று தெரியாமல் சில நாள்களாகப் பேனாவை மூடியே வைத்திருந்தேன். ஆகவே இங்குள்ள நலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நெய்வேலியில் மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. உன் குவார்ட்டர்ஸில் வேறொரு குடும்பம் குடியேறிவிட்டது. நீ நட்ட முருங்கையை அவர்கள் வெட்டவில்லை. என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் இன்னமும் காண்ட்ராக்ட் வேலைதான். பெர்மனென்ட் ஆகும் என்ற பேச்சு மட்டும் ஷிஃப்ட் தவறாமல் வந்து போகிறது.

இம்மடலைப் பிறரும் வாசிப்பார்கள். ஆதலால் உனக்குத் தெரிந்தவற்றையும் சற்று எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நீ பல்லாண்டுகள் செவிலியராக இருந்த மருத்துவமனையில் நான் வார்டு உதவியாளர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பின்னர் டவுன்ஷிப் நூலகத்தில் அமர்ந்து நானாகவே தமிழ் கற்றவள். அதில் எனக்குள்ள பெருமையை நான் என்றும் மறைத்ததில்லை. நீயோ வள்ளியூர்க்காரி. "ஏட்டி தனம், நீ பேசுத தமிழுக்கு முன்னால ஒரு மைக்கு வைக்கணும்ட்டி" என்று வார்டே சிரிக்கும்படி சொல்வாய்.

ஓய்வு பெற்ற கையோடு நீ மலைக்குப் போனாய். கல்வராயன் மலைச் சிற்றூர்களில் கருவுற்ற பெண்களின் இரத்தசோகையை ஆராய டாக்டரம்மா ஒருவர் நடத்திய குழுவில் சேர்ந்தாய். பெண்கள் சொல்வதை எழுதிக்கொள்ளத் தமிழ் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டாய். இரத்தம் எடுப்பது, எடை பார்ப்பது, மாத்திரை கொடுப்பது: ஆய்வுத் திட்டத்தில் செவிலிக்கு ஒதுக்கப்பட்ட பணி அவ்வளவே. முதல் கூட்டத்திலேயே நீ கேட்டாயே, "ஊசி குத்த மட்டுந்தான்னா ஒரு கொசு போதுமே டாக்டரம்மா, நான் எதுக்கு?" டாக்டரம்மா சினம் கொள்வார் என்று நான் அஞ்சினேன். அவரோ சிரித்துவிட்டார்.

அதன்பின் நீ வீடு வீடாக அமர்ந்தாய். கொடுத்த சாமைச் சோற்றை உண்டாய். உங்களுக்கு என்ன தெரியவேண்டும் என்று அப்பெண்களையே கேட்டாய். மாத்திரையைப் பற்றி அவர்கள் கேட்பார்கள் என்று குழு எண்ணியிருந்தது. அவர்கள் கேட்டதோ, பிரசவத்துக்கு மலையிறங்கினால் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பது. அதை ஆய்வின் கேள்விகளுள் ஒன்றாகச் சேர்க்கும்வரை நீ ஓயவில்லை.

சின்னப்பொண்ணை உனக்கு நினைவுறுத்த வேண்டியதில்லை. முதல் பிரசவத்தில் தூளி கட்டித் தூக்கிவரும் வழியிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவள். இரண்டாவது கருவிலும் இரத்தம் மிகக் குறைவாக இருந்தது. இம்முறை கீழே போகவே மாட்டேன் என்று நின்றவளிடம், "நான் பக்கத்துல நிப்பேன், நீ வா" என்று நீ சொன்னாய். அவள் தலையசைத்தாள். அடுத்த பயணத்துக்குப் பை கட்டி வைத்துவிட்டு, ஒரு காலை வேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய்.

உன் அடக்கத்தின்போது எல்லோரும் உன் பிள்ளையை எண்ணி அழுதார்கள். நான் அவனை எண்ணி அழுததோடு, மலைமேல் மாதம் ஏறிக்கொண்டிருந்த அவளையும் எண்ணினேன். உன் சொல்லை நம்பி இருப்பவளுக்கு இனி என்ன வழி, சகாயம்?

டாக்டரம்மாவும் நானும் ஏறினோம். விருத்தாசலம், கள்ளக்குறிச்சி, அங்கிருந்து மலைப்பேருந்து, அதன்பின் நடை. சின்னப்பொண்ணு எங்களுக்குப் பின்னால் உன்னைத் தேடினாள். ஆயத்தமாக வைத்திருந்த அழகிய வாக்கியத்தை நான் விட்டுவிட்டேன். அவங்க செத்துட்டாங்கம்மா என்றேன். அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா கனிவாகவே பேசினார். வேறு செவிலியர் வருவார், சிகிச்சை தடைப்படாது, பிரசவத்துக்கு எல்லா ஏற்பாடும் செய்யப்படும் என்றார். அவ்வளவும் உண்மையே. உள்ளேயிருந்து வந்த மாமியார்க்காரி அதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஊசி போடறவங்க ஒருத்தரு போனா இன்னொருத்தரு வருவாங்க. சொன்ன சொல்லு அப்படி வருமா?"

சின்னப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அவங்க எங்க வூட்டுல சோறு தின்னவங்க. நாங்க துக்கம் கேக்கணும். யார்கிட்ட கேக்கறது? நீ அவங்களுக்கு என்ன மொற?"

பெட்டி நிறையக் கேள்விகளோடு ஏறிய எங்களிடம் அவள் கேட்ட ஒரே கேள்வி அது. எங்கள் முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில் முறையைக் கேட்பதற்கு முன் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னபின் முறை கேட்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். இவள் தெருவைக் கேட்கவில்லை. உன் மகன் சென்னையில் இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். உடன் பணியாற்றியவள் என்று சொன்னாலும் பொய்யாகாது. எதைச் சொன்னால் அவள் மலையிறங்குவாள் என்று கணக்குப் பார்த்தேனா? இல்லை என்று என்னால் உறுதிபடக் கூற இயலவில்லை. ஆயினும் வாய் திறந்தபோது வந்தது இதுதான்.

"நான் அவங்க கூடப் பொறந்தவ மாதிரி."

"மாதிரின்னு ஒரு மொற இருக்குதா?" என்றாள் மாமியார்.

"கூடப் பொறந்தவதாங்க" என்றேன்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். என்னை நடுவில் உட்காரவைத்துத் தோளைக் கட்டிக்கொண்டு உனக்காக அழுதார்கள். உன் அடக்கத்தன்று வந்தவர்களைக் கவனிப்பதிலேயே பொழுது போய், முழுதாக அழ எனக்கு நேரம் வாய்க்கவில்லை. அங்கேதான் அழுதேன். டாக்டரம்மா இரத்தம் எடுக்கும் பெட்டியை அன்று திறக்கவேயில்லை. புறப்படும்போது சின்னப்பொண்ணு, "அவங்க சொன்ன சொல்லு இப்ப உன்னுதுதான?" என்றாள். ஆமாம் என்றேன்.

இறங்கும் வழியில் டாக்டரம்மா, "நாம கேள்வி கேக்க வந்தவங்க, தனலட்சுமி. சொந்தமாயிட்டா, நமக்குப் புடிச்ச பதிலாவே சொல்லிடுவாங்களே" என்றார். அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? பின்னர் அவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. நடந்ததை மறைக்காமல் ஆய்வறிக்கையிலேயே எழுதினார்: இன்னாரை அவர்கள் உறவாகக் கொண்டார்கள், வாசிப்பவர் அதையும் எண்ணி எடைபோடுக என்று.

அடுத்த முறை சின்னப்பொண்ணு தானாகவே கையை நீட்டினாள். இரும்புச்சத்து ஊசியும் போட்டுக்கொண்டாள். நாள் நெருங்குமுன்பே மாமியாரோடு இறங்கிவந்து அடிவாரத்தில் தங்கினாள். வலி கண்டபோது மருத்துவமனையில் பிரசவத் துணையாக ஒருவரை உள்ளே விட்டார்கள். மாமியார் என்னைத்தான் உள்ளே தள்ளிவிட்டாள். சின்னப்பொண்ணு என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. பெண் குழந்தை, சகாயம். நல்ல எடை. தாய்க்கும் ஒரு குறையுமில்லை.

உன் பெயரை வைப்பார்கள் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். அவர்கள் தங்கள் குலதெய்வத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். எனக்குச் சற்று ஏமாற்றமே. நீயாக இருந்தால் சிரித்திருப்பாய்.

இப்போது அவ்வூரில் மேலும் இரு பெண்கள் கீழே வரச் சம்மதித்திருக்கிறார்கள். இருவரும் துணைக்கு என்னையே கேட்கிறார்கள். ஒருத்தி எத்தனை பேர் பக்கத்தில் நிற்க இயலும்? அந்த எண்ணம் டாக்டரம்மாவுக்கும் வந்திருக்கிறது. அடுத்த கட்டத்தில் செவிலியர் மலையிலேயே தங்குவார். கேள்விகளை வகுக்கும் கூட்டத்திலும் அவருக்கு இடமுண்டு என்று முடிவாகியிருக்கிறது. குள்ளஞ்சாவடியிலிருந்து செவிலி ஒருத்தி வந்து சேர்ந்துவிட்டாள். மலையில் தங்கச் சொன்னதும், அங்கு சிக்னல் கிடைக்குமா என்றுதான் முதலில் கேட்டாள். கிடைக்காது என்றேன். பரவாயில்லை என்று வந்துவிட்டாள்.

உனக்கு ஓர் உறுதி கூறுகிறேன். வருகிற திங்களன்று அவளை அழைத்துக்கொண்டு மலையேறுவேன். முதலில் சின்னப்பொண்ணு வீட்டில் அவளை உட்காரவைத்துச் சோறு உண்ணச் செய்வேன். அதன் பிறகே பெட்டியைத் திறக்க விடுவேன். எனக்கு ஒன்று நேர்ந்தால் அவர்கள் யாரிடம் துக்கம் கேட்பது என்று தேடி நிற்கக் கூடாது. நாங்கள் கொடுக்கும் சொல்லும் எங்களோடு நின்றுவிடக் கூடாது.

இங்ஙனம்,
மலையறிய உன் உடன்பிறந்தவள்,
தனலட்சுமி